பேரன் வகுப்புக்கு நான் உட்கார முடியாது

டல்லாஸுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் நானும் மனைவியும் ஊர் திரும்பினோம். அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று சாயங்கால நடைக்கு வரும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏரி, மால், கோயில் எல்லாம் பார்த்தோம். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு சின்ன நகராட்சி நீதிமன்றத்தின் ஜன்னல்தான். தஞ்சை மாவட்டக் கோர்ட்டுகளில் முப்பத்து நான்கு வருஷம் பைல் கட்டிச் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன நினைவில் நிற்கும்?

இதை எழுதலாமா என்று பேரனைக் கேட்டேன். "எழுதுங்க தாத்தா, பேரு மட்டும் போடாதீங்க" என்றான். அதனால் அவன் பெயரும் ஊரின் பெயரும் இதில் இல்லை.

பொங்கல் கழிந்த வாரம் அது. பேரனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். நண்பன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரில் நாலு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் கையில் ஒரு பியர் டின். போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்து டிக்கெட் எழுதிவிட்டார். வண்டி ஓடவில்லை, யாரையும் இடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் டெக்சாஸில் இருபத்தொரு வயது ஆகாதவன் மதுவைக் கையில் வைத்திருந்தாலே குற்றம்தான். குடித்தானா இல்லையா என்பது வேறு விஷயம். பதினெட்டில் ஓட்டுப் போடலாம், பட்டாளத்தில் சேரலாம், பியர் விஷயத்தில் மட்டும் இருபத்தொன்று வரை அவன் மைனர். நம் தமிழ்நாட்டிலும் டாஸ்மாக் கடையில் வயது வரம்பு இருபத்தொன்றுதான். அந்தப் பலகையைக் கடையில் யார் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மகள் முதலில் என் மனைவியிடம் சொன்னது, "ஏதோ பார்க்கிங் டிக்கெட்மா." உண்மை தெரிய நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் மகளுக்கு. மாப்பிள்ளைக்கோ படிப்பு முடிந்து வேலைக்கு மனுப் போடும்போது இது முளைக்குமோ என்ற கவலை. பையன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

கோர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். அங்கே எனக்குப் பிடித்தது ஒன்று. இந்த மாதிரி வழக்கில் மைனர் தபாலில் அபராதம் அனுப்பி ஒப்புக்கொள்ள முடியாது. திறந்த கோர்ட்டில் நீதிபதி முன்னால் நேரில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். பேரன் நின்றான். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னான். தண்டனையைத் தள்ளி வைத்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கை முடித்துவிடுவதாக நீதிபதி உத்தரவிட்டார். கட்டணம், சில மணி நேரச் சமூக சேவை, அப்புறம் மது விழிப்புணர்வு வகுப்பு. 90 நாளுக்குள் வகுப்பை முடித்த சான்றிதழைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். அந்த ஊரில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன். கல்லூரி, பகுதி நேர வேலை எல்லாம் அதோடு போச்சு.

நான் சொல்ல வந்தது இந்த வகுப்பைப் பற்றித்தான்.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் தேடி ஒரு இணைய வகுப்பைப் பிடித்துவிட்டார். 29 டாலர். ஐம்பது மாநிலங்களிலும் செல்லும், சான்றிதழ் உடனே கைக்கு வரும், கோர்ட்டு ஏற்காவிட்டால் பணம் வாபஸ் என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பணமும் கட்டிவிட்டார். நாற்பது ஐம்பது பக்கம் படிக்க வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் அஞ்சு கேள்வி, தப்பாகப் போனால் மறுபடி எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். அவ்வளவுதான்.

பேரனுக்கு அப்போது பரீட்சை நேரம். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க. இங்கிலீஷ் நல்லாப் படிப்பீங்க. அந்தக் கிளாஸை நீங்க கிளிக் பண்ணி முடிச்சிடுங்களேன். அவனுக்குப் படிக்க நேரமாவது மிச்சமாகும்."

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மூன்று வாரமாகத் தூங்காத ஒரு தாய் கேட்டாள். கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு, "நான் உட்கார முடியாதும்மா" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவளிடம் அப்புறம் ஒரு பழைய கதை சொன்னேன். எங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு டீக்கடைக்காரரின் தம்பிக்கு நிபந்தனை ஜாமீன். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அண்ணனும் தம்பியும் ஒரே ஜாடை. அண்ணன் பதினோரு நாள் தம்பி பெயரில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாம் நாள் புதிதாக வந்த ஏட்டு கண்டுபிடித்துவிட்டார். தம்பியின் ஜாமீனும் ரத்து, அண்ணன் மேலும் ஆள்மாறாட்ட வழக்கு. தம்பி மேல் இருந்த முதல் வழக்கோ வாய்க்கால் வரப்புத் தகராறு, நின்றிருந்தால் விடுதலைதான் ஆகியிருக்கும். அண்ணன் செய்ததும் பாசத்தால்தான். கோர்ட்டுக் காகிதத்தில் பாசத்துக்கென்று ஒரு காலம் கிடையாது.

பேரன் விஷயத்திலும் அப்படியேதான். பியர் டின்னைக் கையில் வைத்திருந்தது ஒரு பையனின் தப்பு. நான் வகுப்பை முடித்து, அவன் முடித்ததாகச் சான்றிதழ் கொடுத்தால் அது கோர்ட்டை ஏமாற்றுவது. அதில் தாத்தாவும் கூட்டாளி.

இரண்டாம் நாள் சாயங்காலம் கோர்ட்டு கொடுத்த உத்தரவுக் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் அதுவரை அதை முழுசாக யாரும் படித்திருக்கவில்லை. இது எல்லா ஊரிலும் உள்ள வியாதிதான். கட்சிக்காரர்கள் தீர்ப்பில் கடைசி வரியைப் பார்ப்பார்களே தவிர நிபந்தனைகளைப் படிப்பதில்லை. அந்தக் காகிதத்தில், மாநில அரசுத் துறையின் உரிமம் பெற்ற, மைனர்களுக்கான மதுக் கல்வி வகுப்பு என்று தெளிவாகப் போட்டிருந்தது. டெக்சாஸில் அந்த வகுப்பு ஆறு மணி நேரம். நேரிலும் நடத்தலாம், இணையம் வழியாகவும் நடத்தலாம். ஆனால் நடத்துகிறவருக்கு உரிமம் இருக்க வேண்டும். மாப்பிள்ளை பணம் கட்டிய இடத்தில் உரிம எண் எங்கே என்று தேடினோம். பக்கம் பக்கமாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. 'பெரும்பாலான கோர்ட்டுகள் ஏற்கும், உங்கள் கோர்ட்டில் முன்பே கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

"கோர்ட்டு கிளார்க்குக்குப் போன் போட்டுக் கேளுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"வேணாம் மாமா, கேட்டா தப்பா நினைப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், முன்கூட்டியே கேட்கிறவனை எந்தக் கிளார்க்கும் தப்பாக நினைக்கமாட்டான். கேட்காமல் தப்புக் காகிதத்தோடு கடைசி நாள் நாலே முக்காலுக்கு வந்து நிற்கிறவனைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும். தாசில்தார் கொடுக்க வேண்டிய சால்வன்சி சர்டிபிகேட்டை வேறு யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ரிட்டர்ன் போட்டு அனுப்பும்போது நமக்கும் வயிறு எரியும், என்ன செய்வது?

போனைப் பேரன் கையில் கொடுக்கச் சொன்னேன். வழக்கு அவனுடையது. அந்த அம்மாள் இரண்டே நிமிஷத்தில் பதில் சொன்னார். சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை, ஆனால் எந்தக் காகிதம் ஏற்போம் என்று சொல்ல முடியும், உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மாநிலத் துறையிடம் இருக்கிறது, அதில் இல்லாதவரின் சான்றிதழை நாங்கள் வாங்குவதில்லை என்றார். ஆக அந்த 29 டாலர் வகுப்பை நானே உட்கார்ந்து முடித்திருந்தாலும் அந்தக் காகிதம் குப்பைக்குத்தான் போயிருக்கும். பணம் வாபஸ் வந்திருக்கலாம். 90 நாளில் போன நாள் வாபஸ் வருமா?

ஐம்பது மாநிலத்திலும் செல்லும் என்று ஒருவர் சொன்னாலே சந்தேகப்பட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மாநிலத்துக்கு மாநிலம் இது வேறு. குடித்து வண்டி ஓட்டி முதல் தடவை மாட்டியவருக்கு டெக்சாஸிலும் புளோரிடாவிலும் 12 மணி நேர வகுப்பு. ஜார்ஜியாவில் 20 மணி நேரம். கலிபோர்னியாவில் சாதாரணமாக மூன்று மாதம் நடக்கும் 30 மணி நேரத் திட்டம். டெக்சாஸிலேயே போதைப்பொருள் வழக்கென்றால் 15 மணி நேரம், அது வேறு வகுப்பு. இத்தனை பூட்டுக்கும் ஒரே சாவி என்று 29 டாலருக்கு விற்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களில் பலருக்குப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். என் பேரன் அங்கே பிறந்தவன், குடியுரிமை உள்ளவன். விசாவில் இருக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. குடித்து வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருமுன்பே, விசாவை ரத்து செய்ய அந்நாட்டு வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் வகுப்பைத் தேடுவதற்கு முன்னால், கோர்ட்டில் ஒப்புக்கொள்வதற்கும் முன்னால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்து வைக்கிற விஷயமில்லை இது.

சரி, பட்டியலைத் திறந்தோம். பேரனையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தன் பரீட்சை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, வீடியோவில் நேரலையாக, இரண்டு சாயங்காலம் மூன்று மூன்று மணி நேரமாக நடக்கும் ஒரு வகுப்பைப் பிடித்தான். 85 டாலர். கேமராவை அணைக்கக் கூடாது, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கார்டை எடுத்தார். பேரன் வேண்டாம் என்று சொல்லித் தன் பகுதி நேரச் சம்பளத்திலிருந்து கட்டினான். அன்றுதான் மகள் என்னைப் பார்த்துப் பழையபடி "காபி வேணுமாப்பா?" என்று கேட்டாள்.

வகுப்பு நடந்த இரண்டு நாளும் சமையலறையில் உட்கார்ந்து நானும் காது கொடுத்தேன். எழுபத்தொரு வயதில் எனக்கே தெரியாதது எத்தனையோ இருந்தது. அங்கே ஒரு 'டிரிங்க்' என்றால் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சுமார் 14 கிராம் சுத்த ஆல்கஹால். சாதாரண பியர் ஒரு டின், ஒயின் ஒரு சின்னக் கிளாஸ், விஸ்கி ஒன்றரை அவுன்ஸ், மூன்றிலும் இருப்பது அதே 14 கிராம். அதைக் கரைக்க உடம்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காபி குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் அந்த நேரம் குறையாது.

உடனே நான் பென்சிலை எடுத்து நம் ஊர்க் கணக்கைப் போட்டேன். நம்ம குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். அதாவது அவர்கள் கணக்கில் நாலு டிரிங்குக்கு மேல். ஒன்பது மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் நடுராத்திரி தாண்டியும் சுத்தமாக இருக்கமாட்டார். 'ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார், நான் ஸ்டெடி' என்று கூண்டில் நின்று சொன்ன எத்தனை பேரை எழுதியிருக்கிறேன்! டெக்சாஸில் பெரியவர்களுக்கு ரத்தத்தில் 0.08 சதவீதம் வரம்பு. நம் மோட்டார் வாகனச் சட்டம் அதைவிடக் கண்டிப்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அவர்கள் கணக்கில் 0.03. சட்டம் கண்டிப்புதான், சாலை எப்படி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பைபாஸில் நின்று பாருங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு செய்தி அதில் இருந்தது. வயதானால் உடம்பில் நீர்ச்சத்து குறைகிறது, அதனால் அதே அளவு மது ரத்தத்தில் அதிகமாக ஏறும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும், சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கல்யாண வீட்டு மாடியில் கூடும் நண்பர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் வகுப்பு முடிந்த பிறகு பேரன் சமையலறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். தட்டில் வைத்த தோசையைத் தொடவில்லை.

"தாத்தா, போன வருஷம் ஒரு பார்ட்டியில ஒருத்தன் ரொம்பக் குடிச்சுட்டு வாந்தி எடுத்தான். மயங்கிட்டான். நாங்க அவனைக் கட்டில்ல மல்லாக்கப் படுக்க வெச்சு, தூங்கினாச் சரியாயிடும்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டோம்."

நான் ஒன்றும் பேசவில்லை.

"மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாதாம். வாந்தி மூச்சுக்குழாய்ல போய் அடைச்சா அவ்வளவுதானாம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பக்கத்திலேயே இருக்கணுமாம். குடிக்கிறதை நிறுத்தின பிறகும் ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்குமாம். எழுப்பினா எழுந்திருக்கலேன்னா உடனே 911 கூப்பிடணுமாம். அன்னிக்கு நாங்க கூப்பிடலை. போலீஸ் வந்து எங்களைப் பிடிச்சுடும்னு பயம்."

அந்தப் பயத்துக்கும் அந்த மாநிலச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். மது மீறி உயிருக்கு ஆபத்தான ஒருவருக்காக முதலில் உதவிக்குக் கூப்பிட்டு, அங்கேயே நின்று ஒத்துழைக்கிற மைனர் மேல், மது வைத்திருந்ததற்கோ குடித்ததற்கோ வழக்குப் போடுவதில்லை. வகுப்பு எடுத்தவர் இதை மூன்று தடவை சொன்னாராம். ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பிச் சொல்ல வைத்தாராம்.

அந்த நண்பன் காலையில் எழுந்துவிட்டான், இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் பேரன் அன்று ராத்திரி வெகு நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மகளும் வந்து உட்கார்ந்தாள். அந்த 29 டாலர் வகுப்பிலும் இது எங்கேயாவது ஒரு பக்கத்தில் இருந்திருக்கும். நான் அதைக் கிளிக் செய்து தாண்டியிருப்பேன்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 85 டாலர் எங்கள் வீட்டுக்குப் பெரிதில்லை. கடைகளில் மணிக்கூலிக்கு நிற்கும் பையன்களுக்கு அது ஒரு நாள் சம்பளம் முழுசும். அவர்கள் மலிவைத் தேடிப் போவதில் தப்பில்லை. உத்தரவுக் காகிதத்தோடேயே உரிமம் பெற்றவர்கள் பட்டியலையும் இணைத்துக் கொடுத்தால் கோர்ட்டுக்கு என்ன குறைந்துவிடும்? ஒரு தாள்தானே. எங்கள் சர்வீஸில் அப்படி ஒரு தாளை நானும் யாருக்கும் கொடுத்ததில்லை, இப்போது தோன்றுகிறது.

நம் ஊரிலும் 185-ஆம் பிரிவில் முதல் தடவை மாட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் அபராதம். கட்டியவர் வெளியே வந்து, எரிச்சலில் நேரே கடைக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். அபராதத்தோடு ஆறு மணி நேரம் உட்கார வைத்து, குவார்ட்டரில் எத்தனை கிராம், மயங்கினவனை எப்படிப் படுக்க வைப்பது என்று தமிழில் சொல்லிக்கொடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது என் கட்சி. நேரில் நடத்தட்டும், போனில் நடத்தட்டும், ஆள் முகம் தெரிய நடத்த வேண்டும். பக்கத்துத் தெரு பிரௌசிங் சென்டரில் நூறு ரூபாய் கொடுத்தால் சான்றிதழ் அச்சாகி வரும் என்றால் அது வேண்டவே வேண்டாம்.

சான்றிதழ் ஒரு வாரத்தில் வந்தது. உரிம எண்ணும் பெயரும் தேதியும் சரியாக இருந்தன, நான் இரண்டு தடவை பார்த்தேன். மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றார் மாப்பிள்ளை. நேரில் கொடு, ஒரு நகல் கொண்டுபோய் அதில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை வாங்கிக்கொண்டு வா என்றேன். இந்தக் காலத்தில் யார் தாத்தா அதெல்லாம் கேட்பார்கள் என்று முனகிக்கொண்டே போனான். 90 நாளில் அன்று ஐம்பத்து நாலாவது நாள். நான் காரில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்த அந்த அம்மாள் நகலை வாங்கிப் பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்து, முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

திரும்பி வந்ததும், "அந்த அம்மா என்னடா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"முத்திரை வேணும்னு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டாங்க தாத்தா."